பிரேசில் கனடாவை முந்திவிட்டது, சரி. ஆருக்கு லாபம்?



இந்த மாதத் தலையங்கம் மரக்கூழைப் பற்றியது. போர், தேர்தல், வீட்டு வாடகை எல்லாம் கிடக்க இப்ப மரக்கூழ் எதுக்கு எண்டு நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஒன்ராறியோவின் வடக்கிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் கூழ் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. ஒவ்வொரு மூடலுக்குப் பிறகும் செய்தித்தாள்களில் அதே வரைபடம் வருகிறது: இரண்டு கோடுகள், ஒன்று கனடா, மற்றது பிரேசில். கனடாவின் கோடு தளர்ந்து கிடக்கிறது, பிரேசிலின் கோடு ஏறிக்கொண்டே போகிறது. இதைப் பார்த்து வலதுசாரிகள் ஒரு கதை சொல்கிறார்கள். எங்கட பக்கத்திலும் சிலர் வேறொரு கதை சொல்கிறார்கள். இரண்டு கதைகளுமே அந்தக் கோடுகளுக்குக் கீழே நிற்கும் மனிதர்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் எண்களைப் பார்ப்போம்.

2000 ஆம் ஆண்டில் பிரேசில் ஏற்றுமதி செய்த மரக்கூழின் மதிப்பு ஏறக்குறைய 1.6 பில்லியன் அமெரிக்க டொலர். அதே காலத்தில் கனடா ஆறு பில்லியன் டொலருக்கு மேல் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. உலகச் சந்தையில் கூழ் எண்டால் கனடா எண்ட காலம் அது. 2010 இல் பிரேசில் 4.8 பில்லியன் அளவுக்கு வந்தது. 2018 இல் 8 பில்லியனைத் தாண்டியது. கனடாவின் கோடோ பழைய மட்டத்தைச் சுற்றியே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடந்த பத்தாண்டின் பின்பாதியில் பிரேசில் முந்திவிட்டது. 2020 இல் விலை சரிந்து பிரேசிலின் வருமானம் 6 பில்லியன் அளவுக்கு இறங்கினாலும், 2024 இல் அது 10 பில்லியனையும் தாண்டிவிட்டது.

இது நடந்ததற்கு ஒரு நேரடியான காரணம் மரத்திலேயே இருக்கிறது. கனடாவின் வடக்குக் காடுகளில் ஒரு ஸ்புரூஸ் மரம் வெட்டும் பருவத்துக்கு வர அறுபது முதல் நூறு வருடம் வரை செல்லும். பிரேசிலில் தோட்டமாக நட்ட யூகலிப்டஸ் மரத்தை ஏழு வருடத்தில் வெட்டலாம். நல்ல தோட்டத்தில் ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு 35 கன மீற்றர் அளவுக்கு மரம் வளர்கிறது. கனடாவின் குளிரில் அதைக் கனவிலும் நினைக்க முடியாது. கனடாவின் கூழில் நார் நீளம், அதனால் தாள் கிழியாமல் நிற்கும், விலையும் கொஞ்சம் கூட. ஆனால் டிஷ்யூவுக்கும் எழுதுதாளுக்கும் யூகலிப்டஸின் குட்டை நாரே நல்லாகப் போதும். உலகத்தில் வளரும் சந்தையும் அதுதான்.

இரண்டாவது காரணம் சீனா. பிரேசிலின் கூழில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அங்கேதான் போகிறது. வெளிநாட்டுக் கழிவுத்தாளை இறக்குவதைச் சீனா 2018 இலிருந்து படிப்படியாகக் குறைத்து, 2021 தொடக்கத்தோடு முற்றாக நிறுத்தியது. பழைய தாள் வராவிட்டால் புதுக் கூழ் வேண்டும்தானே.

மூன்றாவது, நாணயம். கூழ் டொலரில் விற்கப்படுகிறது, கூலியும் காணிக் குத்தகையும் ரியாலில் கொடுக்கப்படுகின்றன. 2011 இல் ஒரு அமெரிக்க டொலருக்கு 1.6 ரியால் அளவில் இருந்தது, 2020 இல் ஐந்து ரியாலையும் தாண்டியது. ரியால் விழ விழ, சந்தையில் அரிசி விலை ஏறித் தொழிலாளி தவிக்கிறான். ஏற்றுமதிக் கம்பனிக்கோ செலவு குறைகிறது. இந்த வேறுபாடு டொலரில் வரைந்த கோட்டில் தெரியாது.

இனி இரண்டு கதைகளுக்கு வருவோம்.

கனடாவின் வணிகப் பக்கங்கள் சொல்லும் கதை இது: "நாங்கள் போட்டியில் தோற்றுக்கொண்டிருக்கிறோம். சுற்றுச்சூழல் விதிகள் கூட, அனுமதி கிடைக்கச் சுணங்குது, பழங்குடி மக்களோடு பேச்சு முடியுதில்லை. விதிகளைத் தளர்த்துங்கோ." எங்கட வட்டங்களில் கேட்கும் கதை வேறு: "பாருங்கோ, உலகின் தெற்கு எழும்புது. நேற்று வரைக்கும் வடக்கு வைத்திருந்த சந்தையைப் பிரேசில் பிடிச்சிட்டுது. இது காலனியத்துக்கு விழுந்த அடி."

இரண்டாவது கதை எனக்கு நெருக்கமானது என்பதால் அதை முதலில் எடுக்கிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிரேசிலின் கூழ்த் தொழில் தானாக முளைக்கவில்லை. அரசின் வளர்ச்சி வங்கியான பிஎன்டிஈஎஸ் பல தசாப்தங்களாகக் கடன் கொடுத்து வளர்த்தது. மர ஆராய்ச்சியில் அவர்கள் செய்தது சாதாரண வேலை இல்லை. இன்றைக்கு உலகின் மிகப் பெரிய கூழ்க் கம்பனி சுசானோ, பிரேசிலியக் கம்பனி. 2024 இல் மாட்டோ க்ரோசோ டோ சுல் மாநிலத்தில் அவர்கள் திறந்த ஒரேயொரு ஆலை ஆண்டுக்கு 25 இலட்சம் தொன்னுக்கு மேல் கூழ் செய்யக்கூடியது.

ஆனால் மதிப்பை அளவால் பிரித்துப் பாருங்கள். 2000 இல் பிரேசில் ஏற்றுமதி செய்தது ஏறக்குறைய 30 இலட்சம் தொன். அப்போ ஒரு தொன்னுக்குக் கிடைத்தது 550 டொலர் அளவில். 2024 இல் 180 இலட்சம் தொன்னுக்கு மேல் அனுப்பினார்கள். பிரித்தால் மீண்டும் அதே 550 டொலரை ஒட்டித்தான் வருகிறது. இடையில் டொலரின் மதிப்பு என்ன ஆனது? 2000 இல் ஒரு டொலருக்கு வாங்கியதை 2024 இல் வாங்க ஒரு டொலர் எண்பது சதம் வேண்டும். அப்போ ஒரு தொன் கூழின் உண்மையான விலை கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. நடுவில் விலை ஏறிய ஆண்டுகளும் இருந்தன, இறங்கிய ஆண்டுகளும் இருந்தன. ஆனால் இரண்டு முனைகளையும் பக்கத்தில் வைத்தால், கோடு ஏறியதற்கு முக்கிய காரணம் ஆறு மடங்கு கூழை அனுப்பியதுதான்.

அர்ஜென்டினாவின் பொருளியலாளர் ராவுல் பிரெபிஷ் 1949 இலேயே எச்சரித்தது இதைத்தான். மூலப்பொருள் ஏற்றுமதி செய்யும் நாடு, அதே அளவு இயந்திரங்களை வாங்க, காலப்போக்கில் கூடக் கூட மூலப்பொருளை அனுப்ப வேண்டி வரும். ஆறு மடங்கு கூழ் எண்டால் ஆலைகள் மட்டுமா கூடும்? காணியும் தண்ணியும் கூட வேண்டும். அந்தக் காணி ஆரின்ர காணி எண்ட கேள்வியை டொலர் கோடு கேட்காது.

எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தை எடுங்கள். இராணுவ ஆட்சிக் காலத்தில், 1970களில், அரக்ரூஸ் செலுலோஸ் எண்ட கம்பனி அங்கே வந்தது. துபினிகிம், குவரானி மக்களின் நிலம் யூகலிப்டஸ் தோட்டமானது. அந்த மக்கள் விடவில்லை. 2005 இல் தங்கள் நிலத்தின் எல்லையைத் தாங்களே வெட்டித் துப்புரவாக்கிக் குறித்தார்கள். 2006 ஜனவரியில் மத்திய பொலிஸ் வந்து அவர்களை அடித்து விரட்டியது. அடுத்த வருடம், 2007 ஓகஸ்டில், நீதி அமைச்சர் அந்த 11,000 ஹெக்டேயரும் அவர்களுடையதே என்று கையெழுத்திட்டார். முப்பது வருடத்துக்கு மேல் நடந்த போராட்டத்தின் முடிவு அது.

2006 மார்ச் 8, பெண்கள் தினம். ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் விவசாயப் பெண்கள் சுமார் 2,000 பேர் அதே கம்பனியின் நாற்றுமேடைக்குள் புகுந்து யூகலிப்டஸ் கன்றுகளை அழித்தார்கள். பத்திரிகைகள் அவர்களைக் காடைகள் எண்டு எழுதின. அவர்களோ அந்தத் தோட்டங்களைப் "பச்சைப் பாலைவனம்" எண்டு அழைத்தார்கள். மரம் இருக்கும், ஆனால் ஒரு குருவி இல்லை, ஒரு மரவள்ளி இல்லை, ஒரு வீடு இல்லை. 2023 பெப்ரவரியில் நிலமற்ற தொழிலாளர் இயக்கம் பாயியா மாநிலத்தின் தெற்கில் சுசானோவின் காணிகளுக்குள் இறங்கியதும் இதே சண்டையின் தொடர்ச்சிதான்.

அரசு ஆரின்ர பக்கம் எண்டு கேட்டால், இரண்டு சட்டங்களைச் சொல்லலாம். 1996 இல் வந்த கண்டிர் சட்டம், மூலப்பொருளும் அரைகுறையாகப் பதப்படுத்திய பொருளும் ஏற்றுமதியாகும்போது மாநில விற்பனை வரியை நீக்கியது. கூழ் கப்பலேறும்போது பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய வரி கூடவே கப்பலேறுகிறது. 2024 மே மாதம், வர்த்தக மர வளர்ப்பைச் சூழலை மாசுபடுத்தக்கூடிய தொழில்களின் பட்டியலிலிருந்து எடுக்கும் சட்டத்தில் லூலா கையெழுத்திட்டார். ஆம், லூலாதான். இடதுசாரி அரசு எண்டதற்காக நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த நாற்றுமேடைக்குள் போன பெண்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?

இப்ப கனடாவின் கோட்டுக்கு வருவோம். வலதுசாரிகளின் கதை இங்கேயும் நிற்காது.

கனடாவில் கூழ் ஆலைகள் பெரும்பாலும் நேரே மரத்தை வெட்டிக் கூழாக்குவதில்லை. மர ஆலையில் பலகை அறுக்கும்போது மிஞ்சும் சிராய்களைத்தான் வாங்கிக் கூழாக்குகின்றன. மர ஆலை மூடினால் சிராய் இல்லை, சிராய் இல்லாவிட்டால் கூழ் ஆலை மூடவேண்டியதுதான். மர ஆலைகள் ஏன் மூடுகின்றன? பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் வண்டு காட்டைத் தின்றது. 2023 இல் கனடா முழுதும் 150 இலட்சம் ஹெக்டேயர் அளவுக்குக் காடு எரிந்தது. அமெரிக்கா கனேடியப் பலகைக்குப் போடும் வரி 2025 ஓகஸ்டில் 35 வீதத்துக்கு வந்தது. இவற்றில் எது சுற்றுச்சூழல் விதியின் குற்றம்? காடு எரிந்தது விதி இறுக்கமாய் இருந்ததாலா?

ஆனாலும் சுமை விழுந்தது தொழிலாளர் தலையில்தான். 2023 இல் பிரின்ஸ் ஜோர்ஜில் கூழ் பகுதி மூடப்பட்டது, எஸ்பனோலாவில் ஆலை நின்றது. 2024 ஜனவரியில் சுப்பீரியர் ஏரிக் கரையில் உள்ள டெரஸ் பே ஆலை நின்றது. அந்த ஆலையின் உரிமையாளர் ஆதித்யா பிர்லா குழுமம், எங்கட அம்மா அப்பாக்களும் கேள்விப்பட்ட பெயர். இரண்டாயிரம் பேருக்கும் குறைவாக வாழும் ஒரு ஊரில் நானூறு பேரின் வேலை ஒரே அறிவிப்பில் போவது எப்படி இருக்கும் எண்டு யோசியுங்கள். அங்கே வீட்டை விற்கவும் ஏலாது, வாங்க ஆள் வேண்டுமே.

கோடு உயர்ந்து நின்ற நல்ல காலத்திலும் எல்லாருக்கும் நல்லதா நடந்தது? 1962 முதல் 1970 வரை, ஒன்ராறியோவின் டிரைடன் நகரில், கூழை வெளுக்கக் குளோரின் செய்த இரசாயன ஆலை ஏறக்குறைய ஒன்பது தொன் பாதரசத்தை வபிகூன் ஆற்றுக்குள் விட்டது. ஆற்றின் கீழே இருந்தவர்கள் கிராஸி நரோஸ் மக்கள். அவர்களுக்குச் சாப்பாடும் மீன், தொழிலும் மீன். 1970 இல் மீன்பிடி நிறுத்தப்பட்டது. வேலை போனது, நஞ்சு உடம்பில் தங்கியது. மினமாட்டாவில் கண்ட நோயின் அறிகுறிகளை ஜப்பானிய மருத்துவர்கள் வந்து அங்கேயும் கண்டார்கள். அறுபது வருடத்துக்குப் பிறகும், 2024 செப்டெம்பரில், அந்த மக்கள் ரொறன்ரோவின் வீதிகளில் நீதி கேட்டு நடந்தார்கள். அந்த ஆண்டுகளின் ஏற்றுமதிக் கணக்கில் ஒரு பாதரசத் துளியும் இல்லை. வரவு எழுதப்பட்டது, கடன் ஆற்றில் விடப்பட்டது.

இதற்கு எதிர்மாறான உதாரணமும் கனடாவிலேயே இருக்கிறது. நோவா ஸ்கோஷியாவில் 1967 முதல் ஒரு கூழ் ஆலையின் கழிவு, மிக்மா மக்கள் ஆசெக் எண்டு அழைக்கும் நீர்நிலைக்குள் விடப்பட்டது. பிக்டூ லாண்டிங் மக்கள் போராடினார்கள். 2015 இல் சட்டம் வந்தது, 2020 ஜனவரி 31 ஓடு கழிவு நிற்க வேண்டும் எண்டு. கடைசி நேரத்தில் கால நீடிப்பு கேட்டார்கள், மாகாண அரசு கொடுக்கவில்லை. ஆலை மூடியது. ஏற்றுமதி வரைபடத்தில் அது ஒரு சரிவு. பிக்டூ லாண்டிங் குழந்தைகளுக்கு அது 53 வருடத்துக்குப் பிறகு வந்த விடிவு. அதே நாளில் முந்நூறுக்கு மேற்பட்ட ஆலைத் தொழிலாளர்களுக்கும், அவர்களுக்கு மரம் வெட்டிக் கொடுத்தவர்களுக்கும் அது இடி. மாகாணம் 50 மில்லியன் டொலர் நிதி ஒதுக்கியது. ஐந்து வருடம் இருந்தும் கடைசி மாதத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. இடதுசாரிகள் செய்யவேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது: ஆலை மூடுவதற்கு முன்பே மாற்று வேலையும் ஓய்வூதியமும் உறுதியாக இருக்கவேண்டும் எண்டு கேட்பது. இல்லாவிட்டால் தொழிலாளியையும் பழங்குடி மக்களையும் மோதவிட்டு, முதலாளி பேசாமல் போய்விடுவான்.

எங்கே போவான்? பெரும்பாலும் மற்றக் கோட்டுக்குத்தான். அந்த நோவா ஸ்கோஷியா ஆலையின் உரிமையாளர் பேப்பர் எக்ஸலன்ஸ். இந்தோனேசியாவின் சினார் மாஸ் குழுமக் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக்சன் விஜாயாவின் கம்பனி அது. 2021 இல் டொம்டாரையும் 2023 இல் ரெசொலூட்டையும் வாங்கி, இன்றைக்கு டொம்டார் எண்ட பெயரில் கனடாவின் மிகப் பெரிய வனக் கம்பனிகளில் ஒன்றாக நிற்கிறது. இதே பேப்பர் எக்ஸலன்ஸ்தான் 2017 இல் பிரேசிலின் எல்டொராடோ கூழ் ஆலையை 15 பில்லியன் ரியாலுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. விற்க வந்தவர்கள் ஜேபிஎஸ் இறைச்சிக் கம்பனியின் பட்டிஸ்டா சகோதரர்கள். பிறகு இரண்டு பக்கமும் வருடக்கணக்காக வழக்காடி, 2025 மே மாதத்தில்தான் பட்டிஸ்டாக்கள் இவர்களின் பங்கை 2.6 பில்லியன் டொலருக்குத் திரும்ப வாங்கி விவகாரத்தை முடித்தார்கள்.

"கனடாவா பிரேசிலா" எண்டு நாங்கள் இங்கே கோடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரே ஆள் இரண்டு கோட்டிலும் காசு வைத்திருந்தார். நாடு நாடாக வரைந்த வரைபடத்தில் அவர் எங்கேயும் தெரியமாட்டார். எஸ்பனோலாவில் வேலை இழந்தவரும் எஸ்பிரிட்டோ சாண்டோவில் நிலம் இழந்தவரும் அதில் எதிரெதிர் அணியாகத் தெரிவார்கள்.

எங்கட ஊருக்கும் இதில் ஒரு நூல் ஓடுகிறது. 2021, 2022 இல் கூழ் விலை ஏறியது. ஏற்றுமதி செய்யும் நாட்டின் கோட்டில் அது உயர்வு. அதே நேரம் டொலர் தீர்ந்துபோன இலங்கையில், 2022 மார்ச்சில், தாள் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. பத்திரிகைகள் சில பதிப்புகளை நிறுத்தின. வாழைச்சேனையில் 1950களில் தொடங்கி, வைக்கோலில் தாள் செய்த ஒரு அரச ஆலை எங்களிடம் இருந்தது. போரும் அலட்சியமும் அதை முடக்கிப்போட்டன. அது முழுமூச்சில் ஓடியிருந்தாலும் முழு நாட்டின் தேவையையும் தீர்த்திருக்காது. ஆனால் பரீட்சைத்தாளுக்குக்கூட டொலரை எதிர்பார்த்து நிற்கும் நிலை ஓரளவு குறைந்திருக்கும்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை இப்படியொரு வரைபடம் உங்கள் கைக்கு வந்தால், எத்தனை டொலர் எண்டதோடு நிற்காமல் எத்தனை தொன் எண்டும் கேளுங்கள். டொலரின் மதிப்பு எவ்வளவு தேய்ந்தது எண்டு பாருங்கள். காணி ஆரிடம் இருந்தது, இப்ப ஆரிடம் இருக்கிறது எண்டு தேடுங்கள். கம்பனியின் பெயருக்குப் பின்னால் உள்ள பெயரையும் தேடுங்கள். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம், ஒரு பின்னேரம் போதும்.

எங்கள் நிலைப்பாடு இதுதான். கனடாவின் கோட்டை உயர்த்த விதிகளைத் தளர்த்து எண்ட கோரிக்கையை நாங்கள் எதிர்க்கிறோம். பிரேசிலின் கோடு உயர்ந்ததைத் தெற்கின் வெற்றியாகக் கொண்டாடவும் நாங்கள் தயாரில்லை. மூடும் ஆலைகளின் தொழிலாளர்களுக்குச் சம்பளமும் ஓய்வூதியமும், கிராஸி நரோஸ் மக்களுக்கு முழு இழப்பீடும் சுத்தமான ஆறும், பிரேசிலின் நிலமற்ற மக்களுக்கு நிலமும் கேட்கும் குரல்கள் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. நாங்கள் இந்த மண்ணுக்கு வந்து குடியேறியவர்கள். இங்கே எங்களுக்குக் கிடைக்கும் வசதியில் அந்த ஆற்றின் கடனும் ஒரு பங்கு. அடுத்த முறை கிராஸி நரோஸ் மக்கள் ரொறன்ரோவுக்கு நடக்க வரும்போது எங்கட பதாகையும் அங்கே இருக்கவேண்டும். தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள், நாங்களும் வருகிறோம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக